அகராதி தந்த அறிஞர் ஜேம்ஸ் மர்ரே

ஆங்கிலப் பாடத்தில் பொருள் தெரியாத சொல் ஒன்று வந்தால் உடனே அகராதியைப் புரட்டுகிறோம். பொருளைக் கண்டதும் அதை மூடி வைத்துவிடுகிறோம். அந்தப் பொருளை யார் தேடினார்கள், எங்கே கண்டார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

சென்ற ஆண்டு கட்டுரைப் போட்டிக்காக நான் நான்கு நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்தேன். எழுதி முடித்து சிஸ்டரிடம் காட்டினேன். அவர்கள் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இதை எந்த நூலிலிருந்து எடுத்தாய் என்று கேட்டார்கள். என்னால் விடை கூற முடியவில்லை. குறிப்பு என் ஏட்டில் இருந்தது. அது வந்த இடம் ஏட்டில் இல்லை. கட்டுரையிலேயே நல்ல வரி அதுதான். அதை அடித்துவிட நேர்ந்தது. அன்று சிஸ்டர் எனக்குச் சொன்ன பெயர்தான் ஜேம்ஸ் மர்ரே. அந்தப் பெரியாரின் வாழ்க்கையை நூலகத்தில் தேடிப் படித்தேன். தோழியரும் அறிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஜேம்ஸ் மர்ரே 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் டென்ஹோம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு தையற்காரர். மகனை மேலே படிக்க வைக்க வசதி இல்லாததால் 14ஆம் வயதிலேயே மர்ரேயின் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கற்கும் ஆசை நிற்கவில்லை. செடிகொடிகள், கற்பாறைகள், பழைய கல்லறைக் கல்வெட்டுகள், பிறநாட்டு மொழிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தாமே பயின்றார். 17ஆம் வயதில் ஹாயிக் என்ற ஊரில் உதவி ஆசிரியரானார். 20ஆம் வயதில் அவ்வூரில் உள்ள மற்றொரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார்.

இளமையிலேயே அவருக்குப் பெருந்துயர் வந்தது. குழந்தை இறந்தது. மனைவியும் நோயுற்றார். அவருடைய உடல்நலத்தை எண்ணி 1864இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து ஒரு வங்கியில் எழுத்தர் வேலை பார்த்தார். எனினும் அடுத்த ஆண்டே மனைவியும் காலமானார். பின்னர் ஏடா என்ற அம்மையாரை மணந்தார். 1870இல் லண்டனுக்கு வடக்கே மில் ஹில் என்னும் இடத்துப் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார். பகலில் பாடம் நடத்துவார்; இரவில் மொழி ஆராய்ச்சி செய்வார். அவரது வாழ்வின் பெரும்பணி அங்கேதான் அவரைத் தேடி வந்தது.

அப்பணியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தார், அன்றிருந்த அகராதிகளில் விடுபட்ட சொற்களைத் தொகுக்க ஒரு குழு அமைத்தனர். பிறகு, முற்றிலும் புதிய அகராதி ஒன்றையே செய்வதென முடிவு செய்தனர். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் முதன்முதலில் எந்த ஆண்டில், எந்த நூலில் வந்தது, அதன் பொருள் நூற்றாண்டுதோறும் எப்படி மாறியது என்பதையெல்லாம் சான்றுகளோடு காட்ட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இதற்கு ஆயிரக்கணக்கான நூல்களைப் படிக்க வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமா? ஆகவே பொதுமக்களையே துணைக்கு அழைத்தனர். முதல் பதிப்பாசிரியரான ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் தம் 30ஆம் வயதில் காசநோயால் இறந்தார். அடுத்து வந்த ஃபர்னிவல் ஆர்வம் மிக்கவர். ஆனால் ஒழுங்கு குறைந்தவர். வேலை சிதறிப் போயிற்று.

1879 மார்ச் 1ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தாருடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மர்ரே பதிப்பாசிரியரானார். ஃபர்னிவல் வீட்டிலிருந்து பழைய சீட்டுகள் சாக்கு மூட்டைகளில் வந்து இறங்கின. அவற்றின் எடை சுமார் 2 டன். ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் ஒரு சுண்டெலி தன் குஞ்சுகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது! இது சிரிப்புக்குரிய செய்தி. ஆனால் அடுத்தது சிரிக்கத்தக்கதன்று. சில எழுத்துகளுக்குரிய சீட்டுகளையே காணோம். 'எச்' எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரில் கிடைத்தன. 'பிஏ' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதியை யாரோ அடுப்பு பற்ற வைக்கப் பயன்படுத்திவிட்டனர். யாரோ பல மாதங்கள் கண்விழித்துச் சேர்த்த உழைப்பு சாம்பலாயிற்று. பாதுகாக்காத செல்வம் இருந்தும் இல்லாததே என்பதை மர்ரே அன்றே கண்டுகொண்டார்.

உடனே அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை அமைத்தார். அதற்கு 'ஸ்கிரிப்டோரியம்' என்று பெயரிட்டார். பழைய காலத்தில் நம் துறவற மடங்களில் துறவியர் அமர்ந்து திருநூல்களைப் படியெடுத்த கூடத்துக்கு அதுவே பெயர். அதன் சுவரில் புறாக்கூடு போன்ற 1029 சிறு அறைகளைச் செய்வித்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் அதில் உரிய இடம் உண்டு.

படிப்போருக்கு அவர் விதித்த முறை மிக எளிது. ஒரு சீட்டில் ஒரு சொல் மட்டுமே எழுத வேண்டும். சொல் இடப்பக்க மேல் மூலையில் இருக்க வேண்டும். அதன் கீழே ஆண்டு, ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பக்க எண். அதன்பின் அச்சொல் வரும் வாக்கியம் முழுவதும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அச்சீட்டை நம்பி எதுவும் செய்ய இயலாது. இதைப் படித்தபோது என் கட்டுரையில் அடிபட்ட வரி எனக்கு நினைவு வந்தது.

மர்ரேயின் வேண்டுகோளை ஏற்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் மக்கள் படித்து எழுதி அனுப்பினர். நாள்தோறும் அஞ்சலில் சீட்டுகள் குவிந்தன. அவற்றை முதலில் அகர வரிசையில் அடுக்குவர். அடுத்து ஒரே சொல்லின் சீட்டுகளைப் பொருள்வாரியாகப் பிரிப்பர். பின்பு ஒவ்வொரு பொருளுக்கும் உரியவற்றைக் கால வரிசையில் வைப்பர். இந்த அடுக்கும் வேலையில் மர்ரேயின் குழந்தைகளும் பங்கு கொண்டனர். பதினொரு குழந்தைகளும் சிறு வயதில் சீட்டு அடுக்கியே கைச்செலவுக்குக் காசு சம்பாதித்தார்களாம்!

இதில் ஒரு விந்தையான இடையூறு ஏற்பட்டது. படிப்போர் அரிய சொற்களைக் கண்டால் ஆசையோடு எழுதி அனுப்பினர்; அன்றாடச் சொற்களைக் கண்டுகொள்ளவில்லை. 'அப்யூஷன்' என்னும் வழக்கொழிந்த சொல்லுக்குச் சுமார் 50 சீட்டுகள் வந்திருந்தன. எல்லாரும் அறிந்த 'அப்யூஸ்' என்னும் சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. விடுபட்டவற்றை மர்ரேயும் உதவியாளரும் மீண்டும் நூல்களில் தேட வேண்டியதாயிற்று. கண்ணைக் கவர்வதை மட்டும் குறித்துக்கொண்டு அடிப்படையான செய்தியை விட்டுவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டல்லவா?

நூல்களில் விடை கிடைக்காத இடங்களில் மர்ரே மனிதர்களையே கேட்டார். செடியின் பெயர் பற்றி கியூ தாவரத் தோட்டத்தின் தலைவருக்கு எழுதினார். கவிஞர் டென்னிசனிடம் அவர் கையாண்ட ஒரு சொல்லின் பொருளை அவரிடமே கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் சொல்லொன்றில் ஐயம் எழுந்தபோது ஓர் இயேசு சபைக் குருவுக்கு எழுதினார். மர்ரே வேறு சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அதை அறிந்தவரிடம் கேட்பதே முறை என்று கருதினார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்பதில் அவர் வெட்கப்படவில்லை.

1885இல் அவர் குடும்பத்தோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். அங்கும் தோட்டத்தில் ஒரு கொட்டகை கட்டினார். அண்டை வீட்டாரின் பார்வையை மறைக்காதபடி அதை ஓரளவு தரைக்குள் இறக்கிக் கட்ட நேர்ந்தது. ஆகவே உள்ளே எப்போதும் ஈரமும் குளிரும்தான். குளிர்காற்று படாதிருக்க மர்ரே கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதுவாராம். அவருக்கு வந்து போகும் கடிதங்கள் மிகுதி ஆனதால் அஞ்சல் துறையினர் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டியை நட்டனர்.

உதவியோருள் சிலரை இங்கே கூறாமல் இருக்க முடியாது. எடித் தாம்சன் என்ற பெண்மணியும் அவருடைய சகோதரியும் 15,000 மேற்கோள்களை அனுப்பினர். அச்சுப் படிகளையும் திருத்திக் கொடுத்தனர். ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் பட்டம் பெற இயலாதிருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் இருந்தே பல்கலைக்கழக நூலுக்குத் துணை நின்றனர். மர்ரேயின் மகளிர் எல்ஸியும் ராஸ்ஃப்ரித்தும் வளர்ந்தபின் அகராதி அலுவலகத்தில் பணியாற்றினர்.

மற்றொருவர் டாக்டர் வில்லியம் மைனர். அமெரிக்கப் படையில் மருத்துவராக இருந்தவர். மனநோயால் 1872இல் லண்டனில் ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்தார். அவர் தம் அறையில் இருந்த பழைய நூல்களைப் படித்து, ஒவ்வொரு நூலுக்கும் தனிச் சொற்பட்டியல் தயாரித்தார். அதில் சொல்லையும் பக்க எண்ணையும் மட்டும் குறிப்பார். இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று மர்ரேயிடம் கேட்டு, அதற்கான மேற்கோள்களை மட்டும் எடுத்து அனுப்புவார். வேண்டிய நேரத்தில் வேண்டியது கிடைத்தது. மர்ரே அவரைக் குற்றவாளி என்று ஒதுக்கவில்லை. பலமுறை நேரில் சென்று பார்த்தார். அவர் 1910இல் தாய்நாடு திரும்பவும் துணை செய்தார்.

பத்து ஆண்டுகளில் முடியும் என்று தொடங்கிய வேலை ஐந்து ஆண்டுகள் கழித்து, 1884இல், முதல் பகுதியாக வெளிவந்தபோது 'ஆன்ட்' என்ற சொல்லைத்தான் எட்டியிருந்தது! அச்சகத்தார் செலவை எண்ணிக் கலங்கினர், விரைவுபடுத்துமாறு நெருக்கினர். மர்ரே விடியுமுன் எழுந்து இன்னும் கடுமையாக உழைத்தார். ஆனால் சரிபாராத செய்தியைச் சேர்க்க மட்டும் இசையவில்லை.

இவ்வளவு கவனம் இருந்தும் ஒரு தவறு நேர்ந்தது. 'பாண்ட்மெய்ட்' என்றால் அடிமைப் பெண். விவிலியத்திலும் வரும் அச்சொல்லின் சீட்டுகள் எப்படியோ இடம் மாறித் தொலைந்தன. அகராதி அச்சாகி வெளிவந்த பிறகே குறை தெரிந்தது. அச்சொல் 1933இல் வந்த இணைப்புத் தொகுதியில்தான் இடம் பெற்றது. மர்ரே இதை எண்ணி மிகவும் வருந்தினார்.

1908இல் அரசர் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கினார். 'டி' எழுத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1915 ஜூலை 26ஆம் நாள், 78ஆம் வயதில் மர்ரே இறைவனடி சேர்ந்தார். அகராதி முடிந்ததை அவர் காணவில்லை. பிராட்லி, கிரேகி, அன்யன்ஸ் என்ற மூவர் அதே முறையில் பணியைத் தொடர்ந்தனர்; 1928இல் அது நிறைவு பெற்றது. மொத்தம் 15,000 பக்கங்களுக்கு மேல். அவற்றுள் ஏறத்தாழ பாதி மர்ரேயின் கைவண்ணம். வந்த சீட்டுகள் சுமார் 50 லட்சம். அச்சில் ஏறிய மேற்கோள்கள் சுமார் 18 லட்சம். சேர்ப்பது ஒரு பாதி வேலை என்றால், தேர்ந்தெடுப்பது மறுபாதி வேலை என்பது இதனால் புலப்படும்.

நம் தமிழுக்கும் அதில் இடம் உண்டு. மர்ரே தொகுத்த 'சி' எழுத்தில் கட்டுமரமும் கறியும் சுருட்டும் ஆங்கில உடையில் நிற்கின்றன. அவை தமிழிலிருந்து வந்தவை என்று அகராதி கூறுகிறது. பிறர் பொருளை எடுத்தால் யாரிடம் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும் என்ற நேர்மையை ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கடைப்பிடித்தார்.

தோழியரே! நாளை நம்மில் சிலர் கல்லூரி சென்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோம். அதற்கு முன்பே, இன்று எழுதும் சிறு கட்டுரையிலேயே அந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம். படித்ததை உடனே குறிப்போம். நூலின் பெயரையும் பக்கத்தையும் சேர்த்துக் குறிப்போம். தேடினால் கிடைக்கும் இடத்தில் வைப்போம். இவ்வாண்டுக் கட்டுரைப் போட்டிக்கு நான் சீட்டுகளில்தான் குறிப்பெடுத்தேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் சிஸ்டர் கேட்ட ஒவ்வொரு வரிக்கும் சீட்டை எடுத்துக் காட்ட முடிந்தது. அந்த மகிழ்ச்சியே எனக்குப் போதும்.