ஹென்றியேட்டா லாக்ஸ்

ஹென்றியேட்டா லாக்ஸ் (ஆகஸ்ட் 1, 1920 - அக்டோபர் 4, 1951) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி ஆவார். இவரது புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்களே, ஆய்வுக்கூடத்தில் முடிவின்றிப் பெருகிய முதல் மனித உயிரணுக்கள் ஆகும். இவரது பெயரின் ஆங்கில வடிவிலுள்ள இரு சொற்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து இவை ஹீலா உயிரணுக்கள் என அழைக்கப்படுகின்றன. புற்றுநோய் ஆய்வில் மட்டுமன்றி, நோயாளியின் ஒப்புதல், மருத்துவத் தகவலின் அந்தரங்கம் ஆகியவை குறித்த விவாதங்களிலும் இவரது வாழ்க்கை முதன்மையான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

இளமைக்காலம்

வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் பிறந்தார். இயற்பெயர் லொரெட்டா பிளெசன்ட். 1924 இல் தாய் மகப்பேற்றின்போது இறந்தார். பிள்ளைகள் உறவினர்களிடையே பிரித்து விடப்பட்டனர். ஹென்றியேட்டா குளோவர் என்ற சிற்றூரில் தாய்வழிப் பாட்டனாரிடம் வளர்ந்தார். அவர்கள் வாழ்ந்த மரவீடு முன்னர் அடிமைகள் தங்கியிருந்த குடியிருப்பாகும். சிறு வயதிலிருந்தே புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்.

1941 இல் தன் உறவினரான டேவிட் லாக்ஸை மணந்தார். பின்னர் இருவரும் மேரிலாந்தில் பால்ட்டிமோர் நகருக்கு அருகிலுள்ள டர்னர் ஸ்டேசனுக்குக் குடிபெயர்ந்தனர். கணவர் அங்கு எஃகு ஆலையில் பணியாற்றினார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்.

நோயும் மறைவும்

1951 சனவரி இறுதியில் இயல்புக்கு மாறான இரத்தப்போக்குக் காரணமாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். அக்காலத்தில் அப்பகுதியில் கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை அளித்த மிகச் சில மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. அங்கும் கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவே இருந்தது. கருப்பை வாயில் புற்றுநோய் இருப்பது உறுதி செய்யப்பட்டு, ரேடியம் வைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டது. முதற் சிகிச்சையின்போது மருத்துவர் கட்டியிலிருந்து ஒரு துண்டும், நலமான திசுவிலிருந்து ஒரு துண்டும் எடுத்து, திசு வளர்ப்பு ஆய்வாளர் ஜார்ஜ் கெய்யின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். நோயாளியிடம் இது பற்றிக் கூறப்படவில்லை. ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி அன்று அங்கு இருக்கவில்லை.

நோய் விரைந்து பரவியது. ஹென்றியேட்டா தமது 31 ஆம் வயதில் காலமானார். குடும்ப நிலத்தில் பெயர் பொறிக்கப்படாத குழியில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக் கல் 2010 இல் தான் நாட்டப்பட்டது.

ஹீலா உயிரணுக்கள்

கெய் அதுவரை வளர்க்க முயன்ற மனித உயிரணுக்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துபோயின. ஹென்றியேட்டாவின் நலமான திசுவுக்கும் அதே கதியே நேர்ந்தது. ஆனால் கட்டியின் உயிரணுக்கள் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இரு மடங்காயின. கெய் அவற்றை விற்கவில்லை. கேட்ட ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே அனுப்பினார். வணிக நிறுவனங்கள் பின்னரே விற்கத் தொடங்கின.

போலியோ தடுப்பூசியின் கள ஆய்வுக்குப் பெருமளவில் உயிரணுக்கள் தேவைப்பட்டதால், 1953 இல் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில் ஹீலா உற்பத்திக் கூடம் அமைக்கப்பட்டது. அங்கு பணியாற்றியோர் பெரும்பாலும் கறுப்பின அறிவியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் ஆவர். கறுப்பின ஆண்களின் மேகநோயைச் சிகிச்சையின்றி விட்டுக் கவனித்த இழிபுகழ் பெற்ற ஆய்வும் அதே டஸ்கீகியில், அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தது.

இவ்வுயிரணுக்கள் ஏன் சாவதில்லை என்பதற்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆனது. 1980களில் ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர், மனித பாப்பில்லோமா தீநுண்மியின் 18 ஆம் வகை ஹீலாவில் இருப்பதைக் காட்டினர். இத்தீநுண்மி, உயிரணுப் பிரிவைக் கட்டுப்படுத்தும் புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறது. மேலும் நிறப்புரிகளின் முனைகள் தேய்வதைத் தடுக்கும் டெலோமரேசு நொதியும் ஹீலாவில் இயங்குகிறது. தீநுண்மிக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தமைக்காக ஹவுசன் 2008 இல் நோபல் பரிசு பெற்றார். இத்தீநுண்மிக்கு எதிரான தடுப்பூசி 2006 இல் பயன்பாட்டுக்கு வந்தது.

மறைந்த பெயரும் திறந்த ஏடும்

நீண்ட காலம் உயிரணுக்களின் உரியவர் எலன் லேன் என்ற கற்பனைப் பெயரால் குறிப்பிடப்பட்டார். இது அந்தரங்கத்தைக் காத்தது என்பதை விட, உண்மையான குடும்பத்தை அறியாமையில் வைத்திருந்தது என்பதே பொருந்தும். 1970களின் தொடக்கத்தில் தான் குடும்பத்தினர் செய்தியை அறிந்தனர். அப்போதும் ஆய்வாளர்கள் அவர்களை நாடியது விளக்கம் கூற அன்று. ஹீலா பிற உயிரணு வளர்ப்புகளில் கலந்து அவற்றைக் கெடுத்திருந்தமையால், அதனை அடையாளம் காண உறவினரின் இரத்தம் தேவைப்பட்டது. தங்களுக்குப் புற்றுநோய்ச் சோதனை நடக்கிறது என்றே குடும்பத்தினர் எண்ணினர். 1985 இல் ஹென்றியேட்டாவின் மருத்துவப் பதிவேட்டின் பகுதிகள் குடும்பத்தின் அனுமதியின்றி ஒரு நூலில் அச்சேறின. ரெபேக்கா ஸ்க்லூட் 2010 இல் எழுதிய நூலே இவரது வரலாற்றை உலகறியச் செய்தது.

2013 மார்ச்சில் செருமனியிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தின் ஆய்வாளர்கள் ஹீலாவின் மரபணுத்தொகையை எவரும் பார்க்கக்கூடிய தரவுத்தளத்தில் வெளியிட்டனர். சட்டம் எதுவும் மீறப்படவில்லை. எனினும் மரபணுத்தொகை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் நோய் வாய்ப்புகளையும் அதிலிருந்து ஊகிக்க முடியும். மேலும் இங்கு பெயரை நீக்கியும் பயனில்லை, ஏனெனில் உரியவர் யார் என்பது உலகறிந்தது. குடும்பத்தினர் எதிர்ப்புத் தெரிவித்ததும் தரவு விலக்கிக் கொள்ளப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கும் குடும்பத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி தரவு, தேசிய மருத்துவ நூலகத்தின் ஒரு பிரிவு பராமரிக்கும் கட்டுப்படுத்தப்பட்ட தரவுத்தளத்தில் வைக்கப்பட்டது. அதனைக் காண விரும்பும் ஆய்வாளர் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பங்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ஆறு பேர் கொண்ட குழுவில் லாக்ஸ் குடும்பத்தினர் இருவர் இடம்பெற்றனர். ஆய்வுக் கட்டுரைகளில் குடும்பத்துக்கு நன்றி கூறுதலும் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வுடன்பாட்டில் பணம் எதுவும் இடம்பெறவில்லை.

2021 இல் உலக சுகாதார அமைப்பு இவரது நினைவைச் சிறப்பித்து விருது வழங்கியது. அதே ஆண்டு, உயிரணுக்களை விற்று ஈட்டிய வருவாய் தொடர்பாக தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது ஹென்றியேட்டாவின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தனர். 2023 ஆகஸ்ட் 1 அன்று, அதாவது ஹென்றியேட்டாவின் 103 ஆவது பிறந்தநாளன்று, வழக்கு சமரசத்தில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. சமரச விவரங்கள் வெளியிடப்படவில்லை.