டொக்டர் எலிசபெத் பிளக்வெல்

எமது கல்லூரியிலிருந்து மருத்துவத்துறைக்குச் சென்றோர் பலர். அவர்களுள் ஒருவராகிய நாம், எமக்கெல்லாம் வழி திறந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இந்நூற்றாண்டு மலரில் எமது இளைய சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எலிசபெத் பிளக்வெல் 1821 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். 1832 இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை இறந்தபின் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். மருத்துவம் பயில விரும்பியபோது பல கல்லூரிகள் மறுத்துவிட்டன. நியூயோர்க் மாநிலத்து ஜெனீவா என்னும் சிறு நகரிலிருந்த கல்லூரியின் ஆசிரியர்களோ, முடிவை மாணவர்களிடம் விட்டனர். அவர்கள் அதனை வேடிக்கையெனக் கருதிச் சம்மதித்தனர். 1847 நவம்பரில் பிளக்வெல் உண்மையாகவே வகுப்பில் வந்து அமர்ந்தார்.

பொஸ்டன் நகர மருத்துவச் சஞ்சிகையொன்று இச்செய்தியை வெளியிட்டது. அவரது வயது, அழகு, தொப்பியைக் கழற்றி இருக்கையின் கீழ் வைக்கும் விதம் என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. ஆண் மாணவன் ஒருவனின் தொப்பியைப் பற்றி எவரும் எழுதியதில்லை. 1849 ஜனவரியில் அவர் பட்டம் பெற்றபோது, இலண்டனின் பஞ்ச் என்னும் நகைச்சுவைப் பத்திரிகை அவரைப் பற்றிக் கேலியும் பாராட்டும் கலந்த செய்யுளொன்றை வெளியிட்டது.

பட்டமளிப்பு விழாவிலும் மொழி இடறியது. ஆண்களை மட்டுமே எண்ணி ஆக்கப்பட்ட இலத்தீன் வாசகத்தில், ஆணைக் குறிக்கும் விளிச்சொல்லை மாற்றிப் பெண்பாற் சொல்லை இடவேண்டியிருந்தது.

அதனிலும் பெரிய தடை நியூயோர்க் நகரிற் காத்திருந்தது. பெண் வைத்தியர் என்ற தொடர், அக்காலத்தில் அங்கு இரகசியமாகக் கருக்கலைப்புச் செய்வோரைக் குறிக்கவே வழங்கியது. ஆதலால் 1851 இல் அங்கு தொழில் தொடங்கியபோது வாடகைக்கு இடம் பெறுவதே அரிதாயிற்று. நோயாளரும் வரத் தயங்கினர். அவர் சொல்லோடு வழக்காடவில்லை. ஏழைகளுக்கெனச் சிறு மருந்தகமொன்றைத் தொடங்கினார். 1857 இல் தங்கை எமிலியுடனும் மரி சக்ரெவ்ஸ்காவுடனும் இணைந்து, பெண் மருத்துவர்களே நடத்தும் மருத்துவமனையை நிறுவினார். 1868 இல் அதனோடு ஒரு பெண்கள் மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. இவ்வாறு அச்சொற்றொடரின் பொருளைத் தம் சேவையால் மாற்றினார்.

எனினும், பெண்ணின் தாய்மையுணர்வே மருத்துவத்துக்கு அவளைத் தகுதியாக்குகிறது என அவர் நம்பினார். இக்கருத்தில் நாம் அவரோடு உடன்படவில்லை. கருணை நல்லதே, ஆனால் அது ஆண் வைத்தியருக்கும் வேண்டியது. எம்மைத் தகுதியாக்குவது எமது கல்வியும் பயிற்சியுமே.

1869 இல் இங்கிலாந்து திரும்பிய பிளக்வெல், 1910 இல் தமது எண்பத்தொன்பதாவது வயதிற் காலமானார்.

இன்று எமது நாட்டின் மருத்துவ பீடங்களில் மாணவிகள் பெருந்தொகையாகப் பயில்கின்றனர். ஆயினும் விடுதியில் நோயாளரைப் பார்வையிடும் எம்மைப் பலர் மிஸ் என்றே அழைக்கின்றனர். அருகில் நிற்கும் மாணவனோ டொக்டர் ஐயா ஆகிவிடுகிறான். சிகிச்சையை நாம் விளக்கி முடித்த பின்பும், டொக்டர் எப்போது வருவார் எனச் சிலர் கேட்பதுண்டு. தாதியர் பணி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆனால் சொல்வது யார் என்பது தெரியாதவிடத்து நோயாளர் எமது ஆலோசனையை அரைமனதோடே கேட்கின்றார். மருந்தையும் உரிய நேரத்தில் எடுக்கத் தவறுகின்றார். ஆகவே கட்டிலருகே சென்றதும் எமது பெயரையும் பொறுப்பையும் முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

பத்திரிகைகள் பெண் வைத்தியர், பெண் பொறியியலாளர் என எழுதுகின்றன. ஆண் வைத்தியர் என எழுதுவதில்லை. நாளை எமது சகோதரிகளுட் சிலர் செய்தியாளராவர், ஆசிரியராவர். ஒரு பெண்ணின் பணியைப் பற்றி எழுதும்போது அவள் செய்ததை முதலில் எழுதுமாறு அவர்களை அன்புடன் வேண்டுகின்றோம்.