கல்லிலே ஒரு கூரை வீடு!

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கூரை வீட்டைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நான்கு சுவர். மேலே, நாலா பக்கமும் சரிந்து இறங்கும் கூரை. வெயிலிலும் மழையிலும் கூரை இற்றுப்போகும்; மாற்றி வேய வேண்டும்.

ஆனால், மாற்றி வேயாமலே 1,300 ஆண்டுகளாக ஒரு கூரை வீடு நிற்கிறது. எங்கே? மாமல்லபுரத்தில்! மக்கள் அதைத் திரௌபதி ரதம் என்கிறார்கள். அந்த ஊருக்குத் தம் பெயரைத் தந்த மன்னரின் கதை இது.

தந்தை காட்டிய வழி

அவர் பெயர் நரசிம்மவர்மர். மற்போரில் வல்லவர், அதனால் மாமல்லர் என்ற பட்டம் பெற்றார். தந்தை மகேந்திரவர்மர், கலைகளில் தோய்ந்தவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இறைவனுக்கு இல்லம் சமைத்ததாக மண்டகப்பட்டுக் குகைக் கோவிலில் கல்வெட்டு வைத்தார். செங்கல்பட்டை அடுத்த வல்லத்திலும் அவர் காலத்துக் குகைக் கோவில் ஒன்று இருக்கிறது.

அந்தத் தந்தையின் காலத்திலேயே சளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தார். பல்லவ நாட்டின் வட பகுதி பறிபோனது. மகன் கண்ட முதல் பாடம் அதுதான்.

பழி தீர்ந்தது!

சுமார் கி.பி. 630-ல் மாமல்லர் பட்டத்துக்கு வந்தார். புலிகேசி மறுபடியும் வந்தார். தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலத்தில் போர் மூண்டது. பரியளம், சூரமாரம் என்ற இடங்களிலும் போர் நடந்தது. மூன்றிலும் வெற்றி மாமல்லருக்கே!

அவர் அத்துடன் நிற்கவில்லை. 642-ல் பல்லவப் படை சளுக்கியரின் தலைநகரான வாதாபிக்குள் புகுந்தது. படைத் தலைவர் பரஞ்சோதி. பின்னாளில் சிறுத்தொண்டர் என்று நாயன்மார் வரிசையில் இடம் பெற்றவர். வாதாபி வீழ்ந்தது. அந்த நகரத்துப் பாறை ஒன்றிலேயே மாமல்லரின் வெற்றி பொறிக்கப்பட்டது. தம்மிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசர் மானவர்மருக்கும் அவர் படை கொடுத்து உதவினார்.

கூரை முதலில், தரை கடைசியில்

வாளை உறையிலிட்ட கையே உளிக்கும் வேலை கொடுத்தது. தந்தை பாறையைக் குடைந்தார். மகன் காலத்தில் பாறை முழுவதையுமே கோவிலாகச் செதுக்கினார்கள். ஐந்து ரதங்களும் அவர் காலத்தில் தொடங்கியவை என்பது பலருடைய கருத்து. அவருக்குப் பின் வந்த இராஜசிம்மருடையவை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு.

பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் வந்தவை. திரௌபதி ரதம் உண்மையில் துர்க்கைக்கு எடுத்த கோவில். ஐந்திலும் இதுவே சிறியது. பக்கத்துக்குச் சுமார் 11 அடி, உயரம் சுமார் 18 அடி. வாசலின் இருபுறமும் பெண் காவலர்கள் நிற்கிறார்கள். கூரை மட்டும் அசல் குடிசைக் கூரை! வளைந்து, சரிந்து, ஓலை வேய்ந்ததுபோலவே இறங்குகிறது.

குடியானவர் முதலில் சுவர் எழுப்புவார். பிறகு கூரை போடுவார். சிற்பி செய்ததோ நேர்மாறு. பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ் நோக்கிச் செதுக்கினார். கூரை முதலில் பிறந்தது. தரை கடைசியில் வந்தது. ஓரிடத்தில் உளி தவறினால் ஒட்டுப்போட வழியில்லை.

அரண்மனை எங்கே?

இங்கிலாந்தில் பழைய பண்ணை வீடுகள் பல கல்லாலேயே கட்டப்பட்டவை. அவை சில நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கின்றன, மக்கள் குடியிருக்கிறார்கள். பல்லவ நாட்டில் கல் வீடு கடவுளுக்கு மட்டுமே. மன்னரின் மாளிகையும் மரத்தையும் செங்கலையும் நம்பியே நின்றது.

அதனால் என்ன ஆயிற்று? சுமார் 668-ல் மாமல்லர் மறைந்தார். அவர் வாழ்ந்த காஞ்சி அரண்மனை இன்று இல்லை. வாதாபியும் பின்னர் சளுக்கியர் கைக்கே திரும்பியது.

ஏழைக் குடியானவரின் கூரை மட்டும் கடற்காற்றைத் தாங்கி நிற்கிறது! 1984-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. அதைச் செதுக்கிய சிற்பி எந்தக் குடிசையைப் பார்த்துச் செதுக்கினாரோ! அதில் வாழ்ந்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர் வீடுதான் இருக்கிறது.