இடது கைக்கு லீவு கொடுத்த ஹோண்டா

ஹோண்டான்னு சொன்னா நமக்கு முதலில் ஞாபகம் வருவது பெட்ரோல் டேங்கில் இருக்கிற அந்த இறக்கை சின்னம். அது ஒரு மனுஷனோட பேர்னு பல பேருக்குத் தெரியும். ஆனா அவர் என்ன பண்ணார்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம். ரேஸ், இன்ஜின், ஃபார்முலா ஒன் என்று அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கு. நான் இங்கே சொல்லப் போவது அதிகம் பேசப்படாத ஒரு பக்கம். வண்டியில் ஒரு மனுஷன் எப்படி உட்காரணும், கையை எங்கே வைக்கணும் என்ற கேள்வியை அவர் எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டார் என்பது.

சோய்ச்சிரோ ஹோண்டா 1906 நவம்பர் 17 அன்று, ஜப்பானில் ஹமமட்சு நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த கோம்யோ கிராமத்தில் பிறந்தார். அப்பா கிஹெய் ஒரு கொல்லர். பின்னாளில் சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். அம்மா மிக்கா நெசவு தெரிந்தவர். பையனுக்குப் பள்ளிப் படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. 15 வயதில், 1922-ல், டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற கார் ரிப்பேர் பட்டறையில் சேர்ந்தார். ஸ்பேனரைத் தொடலாம்னு போனவருக்கு ஆரம்பத்தில் கிடைத்த வேலை, முதலாளியோட குழந்தையைப் பார்த்துக்கொள்வது! பொறுமையாக இருந்து தொழில் கற்றார். 1928-ல் அதே பட்டறையின் கிளையை ஹமமட்சுவில் ஆரம்பித்தார்.

1936-ல் தாமாகாவா ரேஸ் டிராக்கில் தானே தயார் பண்ணின காரை ஓட்டி, பெரிய விபத்தில் மாட்டினார். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். அது போக, பட்டறை வேலையிலும் அவர் கை நிறைய அடி வாங்கியிருக்கு. வலது கை சுத்தியலைப் பிடிக்கும், இடது கை பொருளைப் பிடிக்கும். அதனால் தழும்பு எல்லாம் இடது கையில்தான். வயசான காலத்தில் எழுதின ஒரு புத்தகத்தில் அந்தக் கையைப் படம் வரைந்து, ஒவ்வொரு தழும்பும் எப்படி வந்ததுன்னு காட்டியிருக்கார். இந்த இடது கையை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

அடுத்து பிஸ்டன் ரிங் தயாரிக்கப் போனார். ரிங் சரியாக வரவில்லை. காரணம் உலோகவியல் தெரியாததுதான்னு புரிந்ததும், முப்பது வயசுக்கு மேல் ஹமமட்சு தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். பரீட்சை எழுதவில்லை, அதனால் பட்டமும் இல்லை. ரிங் மட்டும் சரியாக வந்தது. (நம்ம கதை இதுக்கு நேர் எதிர்னு யாராவது சொன்னா நான் மறுக்க மாட்டேன்.)

போர் முடிந்து 1946. ஜப்பானில் அரிசிக்கே அலைய வேண்டிய காலம். அவர் மனைவி சாச்சியும் சாப்பாட்டுப் பொருள் தேடி சைக்கிளில் தூரம் தூரமாகப் போய்வர வேண்டியிருந்தது. ராணுவம் ரேடியோ ஜெனரேட்டருக்குப் பயன்படுத்தின சின்ன இன்ஜின் ஒன்று ஹோண்டா கையில் கிடைத்தது. அதை சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டேங்க்? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் ஊற்றி வைக்கிற பாத்திரம்!

அந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர்களில் சாச்சியும் ஒருவர். ஓட்டிவிட்டு வந்தவர் ஒரு குறை சொன்னார்: கார்புரேட்டர் பக்கம் இருந்து தெறிக்கிற எண்ணெய் நல்ல துணியை நாசம் பண்ணுது. ஹோண்டா அதைச் சரி பண்ணினார். சின்ன விஷயம்தான். ஆனா இன்ஜின் நல்லா ஓடினா மட்டும் போதாது, அதில் உட்கார்ந்து போகிற ஆளோட துணி, கால், கை எல்லாமே டிசைனில் சேர்த்திதான் என்ற பாடம் அந்தப் புகாரில் இருக்கு.

1948-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி உருவானது. 1949-ல் தகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். ஹோண்டா மெஷினைப் பார்த்தார், ஃபுஜிசாவா காசையும் விற்பனையையும் பார்த்தார். எல்லாமே வெற்றின்னு நினைக்காதீங்க. 1954-ல் வந்த ஜூனோ ஸ்கூட்டர் பெரிசாக, கனமாக இருந்தது, மார்க்கெட்டில் படுத்துவிட்டது.

1956-ல் ரெண்டு பேரும் ஐரோப்பா போய் அங்கே ஓடுகிற சின்ன வண்டிகளைப் பார்த்தார்கள். மொபெட் ரொம்ப சாது, சக்தி பத்தாது. ஸ்கூட்டருக்குச் சக்கரம் சின்னது. ஜப்பானில் அப்போ பெரும்பாலான ரோடு மண் ரோடு, அதில் சின்னச் சக்கரம் குழியில் இறங்கினா ஓட்டுகிறவர் முதுகு என்ன ஆகும்? ரெண்டையும் காப்பி அடிப்பதில் அர்த்தமில்லைன்னு முடிவாச்சு.

1958 ஆகஸ்டில் வந்த சூப்பர் கப் சி100 அந்த முடிவின் பலன். 49 சிசி, நாலு ஸ்ட்ரோக், 4.5 குதிரைசக்தி. இந்த நம்பரை விட எனக்குப் பிடித்தது அதோட உட்காரும் அமைப்பு.

முதலில் சீட். இன்ஜினைப் படுக்க வைத்து கீழே இறக்கி, பெட்ரோல் டேங்கை சீட்டுக்கு அடியில் தள்ளினார்கள். அதனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இடம் காலி. காலைத் தூக்கிப் போட வேண்டாம், பாவாடை கட்டியிருந்தாலும் உள்ளே நுழைந்து உட்காரலாம். சேறு தெறிக்காமல் முன்னால் பிளாஸ்டிக் லெக் ஷீல்ட். அப்புறம் சக்கரம். குழியையும் தாங்கணும், உயரம் கம்மியான ஆளோட காலும் தரையில் படணும். ஹோண்டா 17 இஞ்சில் நின்றார். அந்த அளவு டயர் கடையில் தயாராகக் கிடைக்கவில்லை. அளவை மாற்றிக்கொள்ளாமல் டயரைப் புதிதாகச் செய்ய வைத்தார்கள்.

கடைசியாக ஹேண்டில்பார். அந்தக் காலத்து ஜப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டே சைக்கிளில் டெலிவரிக்குப் போவான். அவன் இந்த வண்டியையும் ஓட்டணும் என்பது கணக்கு. அதனால் ஆட்டோமேட்டிக் கிளட்ச். இடது பக்கம் கிளட்ச் லீவரே கிடையாது. கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். ஆக்சிலரேட்டர், முன் பிரேக், இண்டிகேட்டர் ஸ்விட்ச் வரைக்கும் எல்லாம் வலது கையில். இடது கைக்கு முழு லீவு! தழும்பு நிறைந்த இடது கை உள்ளவர் இதைச் செய்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அதை நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கு.

களிமண் மாடலைப் பார்த்த ஃபுஜிசாவா, மாசத்துக்கு 30,000 வண்டி விற்கலாம்னார். கேட்டவர்கள் நம்பவில்லை. 2017-ல் சூப்பர் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. அதுவரை பைக் பக்கமே போகாத பெண்கள், கடைக்காரர்கள், வயசானவர்கள் எல்லாம் ஓட்டினால்தான் இந்த எண்ணிக்கை வரும்.

இதில் நாம எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கு. உடம்பு வண்டியைத் தொடுகிற இடம் மூன்று: சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். ஒன்றை மாற்றினா மற்ற ரெண்டும் மாறும். சீட்டைத் தாழ்த்தினா கால் தரையில் நல்லாப் படும், ஆனா முழங்கால் அதிகம் மடங்கும். ஹேண்டில்பார் தள்ளியும் தாழ்வாகவும் இருந்தா உடம்போட பாரம் மணிக்கட்டில் இறங்கும். லுக்குக்காக மாற்றாமல், எங்கே வலிக்குதுன்னு பார்த்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கணும். ஹேண்டில்பாரை உயர்த்தினா, ரெண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுதான்னு பார்ப்பது கட்டாயம். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டா, வண்டி திரும்பும்போது தானாக வேகம் எடுக்கும்.

ஹோண்டா சாந்த சொரூபி எல்லாம் இல்லை. கோபம் வந்தா கையில் இருக்கிறதைத் தூக்கி அடிக்கிற ஆள்னு கூட வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்காங்க. 1973-ல் ஃபுஜிசாவாவும் அவரும் ஒன்றாகவே பதவி விலகினார்கள். அப்புறம் ஹோண்டா நாடு முழுக்க இருந்த தொழிற்சாலைகளுக்கும் டீலர் கடைகளுக்கும் நேரில் போய், வேலை பார்த்தவர்களுக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார். எண்ணெய்க் கறை இருக்கேன்னு கையைப் பின்னால் இழுத்தவரோட கையையும் பிடித்துக் குலுக்கினார்.

1991 ஆகஸ்ட் 5 அன்று, 84 வயதில், இறந்தார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம்னு முன்னாடியே சொல்லியிருந்தார். காரணம், கூட்டம் சேர்ந்தா ரோட்டில் டிராஃபிக் ஜாம் ஆகும், வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தொந்தரவு.