மீன்முள் கோடும் ரிட்லியும்

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், மரப்பட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுப்பாராம். சீவிய பட்டை சுருண்டு விழ, வெள்ளைப் பால் கோட்டின் வழியே இறங்கி மங்கில் சொட்டும். கத்தி சற்று ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும் என்பார். அந்தச் சாய்வுக் கோடு காலங்காலமாக இருந்து வந்த ஒன்று என்றே நான் நினைத்திருந்தேன். ஒருவர் ஆண்டுக்கணக்கில் சோதித்துக் கண்டறிந்த தொழில்நுட்பம் அதற்குப் பின்னால் இருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அவர் பெயர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

ரிட்லி 1855 டிசம்பர் 10-ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டில் படித்தார். லண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரவியல் பிரிவில் வேலை பார்த்தார். 1888-இல், 32 வயதில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகக் கப்பலில் வந்து இறங்கினார். ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான். இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒருநாள் ஒன்றுசேரும் என்று அப்போது யாரும் எண்ணவில்லை.

ரப்பர் மரம் நம் மண்ணுக்குரியது அல்ல; அதன் தாயகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை மிகக் குறைவு. அந்த வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில அங்கேயே நடப்பட்டன. சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்றைக் கோலகங்சாரில் இன்றும் பார்க்கலாம்.

ஆக, ரிட்லி வந்தபோது மரங்கள் இருந்தன, தொழில்தான் இல்லை. அமேசான் காட்டில் பால் எடுப்பவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். கோடரி பட்டையைத் தாண்டிக் கட்டைவரை இறங்கும். காயம் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும்; பிறகு அங்கே வெட்ட முடியாது. காட்டில் அடுத்த மரத்தைத் தேடிப் போகலாம். தோட்டத்தில் அதே மரம் பல ஆண்டுகள் பால் தந்தால்தான் போட்ட முதல் திரும்பும்.

ரிட்லி அந்த மரங்களிடமே விடை தேடினார். பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொடாமல் விட்டால், புதுப்பட்டை மீண்டும் வளரும். எனவே கொத்துவதை விட்டு, சீவத் தொடங்கினார். நடுவில் நேராக ஒரு வாய்க்கால், இரு பக்கமும் அதில் வந்து சேரும் சாய்வுக் கோடுகள். பார்ப்பதற்கு மீன்முள் போல இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டாமல், பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லியதாகச் சீவினார். முதல் வெட்டில் குறைவாக வரும் பால், அடுத்தடுத்த வெட்டுகளில் கூடியது. அதிகாலையில் பால் நன்றாக ஓடுவதையும் கவனித்தார். 1897-இல் இம்முறையை வெளியிட்டார். பின்னாளில் மீன்முள் ஒற்றைச் சாய்வுக் கோடாக எளிமையானது. பட்டையை மட்டும் சீவும் அடிப்படை மாறவில்லை.

கண்டுபிடித்ததைவிட அதை நம்பவைப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அன்றைய தோட்ட முதலாளிகள் காப்பியில் மூழ்கியிருந்தார்கள். நட்டு, ஐந்தாறு ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருக்க வேண்டிய மரத்தை யார் விரும்புவார்கள்? சந்திப்பவர்களிடமெல்லாம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னார் ரிட்லி. அவரைப் பைத்தியக்காரர் என்று கேலி செய்தார்கள். அவர் பேச்சை நம்பி முன்வந்தவர்களில் ஒருவர் மலாக்காவின் டான் சே யான். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் பெயர் தந்த டான் டோக் செங்கின் பேரன். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்.

பிறகு காப்பி விலை சரிந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. 1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் வந்தது. 1910-இல் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. 1920-களில் உலகின் ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. 1912-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய ரிட்லி, மலாய்த் தீபகற்பத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதினார். 1956 அக்டோபர் 24-ஆம் தேதி, நூறு வயதைத் தாண்டி மறைந்தார்.

கதை இங்கே முடிந்தால் பாதிதான் சொன்னதாகும். ரிட்லியின் முறைக்கு ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு கை வேண்டும். அதிகாலையில் எழ வேண்டும். நிதானம் தவறாமல் சீவ வேண்டும். அந்தக் கைகளைத் தேடித்தான் கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். நம் முன்னோர் பலர் அப்படி வந்து, லயத்து வீடுகளில் மலேரியாவோடும் குறைந்த கூலியோடும் வாழ்ந்து மரம் வெட்டினார்கள். பைத்தியக்காரர் எனப்பட்டவருக்குப் பின்னர்ப் புகழ் கிடைத்தது. தோட்டங்களுக்குப் பங்கு இலாபம் கிடைத்தது. மரம் வெட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் செக்ரோல் புத்தகத்தோடு போயின.

ரிட்லியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. யாரும் நம்பாத காலத்திலும் சோதனையைக் கைவிடாத அவரது பொறுமை நமக்கு வேண்டும். கூடவே இன்னொன்றும் வேண்டும். நானோ தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு என்று நாளை நீங்கள் எதில் கால்வைத்தாலும், கண்டுபிடித்தவர் யார், துணிந்து முதல் போட்டவர் யார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்காக அன்றாடம் உழைப்பவர் யார், அவருக்குக் கிடைப்பது என்ன என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நம்மைவிடத் தகுதியுள்ள பேரப்பிள்ளைகள் யார் இருக்கிறார்கள்?