கொர்னீலியா சொராப்ஜி அம்மையார்

இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் எனப் போற்றப்படும் கொர்னீலியா சொராப்ஜி அம்மையார் 1866 ஆம் ஆண்டு நாசிக் நகரில் பிறந்தார். பூனா தக்காணக் கல்லூரியில் சிறப்பாகத் தேறியும், இங்கிலாந்தில் பயில்வதற்கான அரசு உதவித்தொகை, பெண் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. நல்லுள்ளம் படைத்தோர் பொருளுதவி செய்யவே, 1889 இல் ஆக்ஸ்போர்டு சென்றார். 1892 இல் அங்குச் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண் அவரே. ஆயினும், பெண்களுக்குப் பட்டமளிக்கும் வழக்கம் அன்று அங்கில்லை. அப்பட்டம் அவர் கைக்கு வந்தது 1922 இல். முப்பது ஆண்டுகள்!

அதுவரை அவர் வாளாவிருந்தாரா? இல்லை. அந்நாளில் வட இந்தியச் செல்வக் குடும்பப் பெண்கள் பலர் திரைமறைவில் வாழ்ந்தனர். அயல் ஆடவரைக் காண்பதற்கில்லை. எனவே ஆண் வழக்கறிஞரிடம் குறை கூறவும் வழியில்லை. கணவரை இழந்தபின், சொத்திருந்தும் பிறர் சொற்படி நடக்க வேண்டியவராயினர். படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைக்கும் அச்சத்தை நம் தோட்டத்துப் பாட்டிமார் அறிவர். மாளிகைப் பெண்களுக்கும் அவ்வச்சம் இருந்ததென்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1904 இல் வங்காள அரசு அம்மையாரை அப்பெண்களுக்குச் சட்டத் துணைவராக நியமித்தது. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் எங்கும் பயணம் செய்து, அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் உதவினார். சிலருக்குக் கட்டணமின்றியே உழைத்தார்.

அம்மையார் இந்திய விடுதலை இயக்கத்தை ஆதரிக்கவில்லை. அதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் அவர் தொண்டு அதனால் குறைந்துவிடாது.

பெண்களும் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் 1923 இல் பிறந்தது. மறு ஆண்டே, அறுபதை நெருங்கிய அகவையில், கல்கத்தாவில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். 1954 இல் லண்டனில் மறைந்தார்.