ஒரே கருவி, எழுபது ஆண்டுகள்
(ஆஸ்கர் சாலா: 1910 – 2002)

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, எலக்ட்ரானிக்ஸ் சம்பந்தமாக இருக்கட்டும், ஆனால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தே கேட்டார்கள். எலக்ட்ரானிக்ஸும் வேண்டும், பாடமும் ஆகக்கூடாது என்றால் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான். ஜெர்மனியைச் சேர்ந்த ஆஸ்கர் சாலா. தொழிலால் சினிமா இசையமைப்பாளர். ஆனால் அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு, அவரை நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியர் ஜாதி என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பார்க்காதவர்கள் இந்த விடுமுறையிலாவது பார்த்துவிடுங்கள். பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து மனிதர்களைத் தாக்கும் கதை. அந்தப் படத்தில் ஒரு விசேஷம் உண்டு. பின்னணி இசையே கிடையாது! வயலின் இல்லை, டிரம்பெட் இல்லை. சிறகடிப்பு, கிறீச்சிடல், இடையிடையே நெஞ்சை அழுத்தும் அமைதி, இவ்வளவுதான். அந்தச் சத்தங்களில் பெரும்பகுதி எந்தப் பறவையின் தொண்டையிலிருந்தும் வந்ததில்லை. பெர்லின் நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில், வால்வுகளும் கம்பிகளும் நிறைந்த ஒரு மேஜையின் முன் உட்கார்ந்து சாலா உண்டாக்கியவை. அந்த மேஜையின் பெயர் மிக்ஸ்டூர்-டிராட்டோனியம்.

சாலா 1910 ஜூலை 18-ஆம் தேதி ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள கிரைட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கண் மருத்துவர். பையன் சிறு வயதிலேயே பியானோவும் ஆர்கனும் கற்றுக்கொண்டான். 1929-இல், 19 வயதில், பெர்லின் இசைக் கல்லூரியில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பவுல் ஹிண்டெமித்திடம் மாணவராகச் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரியில் 1928-இல் வானொலி ஆராய்ச்சிக்கென்று ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். இசைக் கல்லூரிக்குள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் லேப்! அங்கே ஃப்ரீட்ரிஷ் டிராட்வைன் என்ற இன்ஜினியர் மின்சாரத்தால் ஒலி எழுப்பும் புதுக் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயரில்தான் அது டிராட்டோனியம் ஆயிற்று. இசை படிக்க வந்த சாலா அந்த லேபுக்குள் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தவர் பிறகு வெளியே வரவே இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான்கு வரிதான். ஒரு கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல சார்ஜ் ஆகிறது. குறிப்பிட்ட வோல்டேஜ் வந்ததும் அதனுடன் இணைந்த வாயு விளக்கு எரிந்து சார்ஜ் முழுவதையும் கொட்டிவிடுகிறது. மறுபடி சார்ஜ், மறுபடி கொட்டல். இது விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் ரம்பப்பல் வடிவ அலை கிடைக்கும். ஸ்பீக்கரில் கொடுத்தால் அதுவே ஒலி. பிறகு ஃபில்டர்கள் வைத்து, நம் வாய் 'ஆ'வையும் 'ஈ'யையும் வேறுபடுத்துகிற மாதிரி, அந்த ஒலியின் குணத்தை மாற்றுகிறார்கள்.

இதில் அழகு எது தெரியுமா? கட்டைகள் கிடையாது. ஒரு உலோகப் பட்டையின் மேல் ரெஸிஸ்டன்ஸ் கம்பி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். விரல் எந்த இடத்தில் அழுத்துகிறதோ அதற்கேற்ற சுருதி. விரலை நகர்த்தினால் சுருதியும் வழுக்கிக்கொண்டே போகும். எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவு சத்தம். வீணையில் கமகம் கேட்டுப் பழகிய நமக்கு இது உடனே புரியும். பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒன்றும் கிடையாது. இங்கே நடுவே இருப்பதெல்லாம் இசைதான்.

1930 ஜூன் 20-ஆம் தேதி பெர்லினில் முதல் கச்சேரி. ஹிண்டெமித் மூன்று டிராட்டோனியங்களுக்காகச் சிறு உருப்படிகள் எழுதியிருந்தார். வாசித்தவர்களில் அவரும் ஒருவர், 19 வயது சாலாவும் ஒருவர். மறு ஆண்டே ஹிண்டெமித் இந்தக் கருவிக்கும் தந்தி வாத்தியங்களுக்குமாக ஒரு கான்செர்டினோ எழுத, சாலாதான் தனி வாசிப்பு. 1933-இல் டெலிஃபுங்கன் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென்று ஒரு சிறிய டிராட்டோனியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆஹா, இனி வீட்டுக்கு வீடு டிராட்டோனியம்தான் என்று நினைத்திருப்பார்கள்.

விற்கவில்லை. உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த காலம். கட்டையில்லாத கருவியில் சுருதி பிடிக்கவே மாதக்கணக்கில் பழக வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் இல்லை, வாசிக்கப் பாட்டுகளும் அதிகமில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டது. சாதாரணமாக ஒரு பொருளின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். நம் வேலையிடங்களில் இப்படி முடிந்துபோன எத்தனை பொருள்களைப் பார்த்திருக்கிறோம்!

சாலா மட்டும் கருவியை விடவில்லை. இசை தெரிந்தால் மட்டும் போதாது என்று 1932 முதல் 1935 வரை பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் படித்தார். 1935-இல் வானொலிக்கென்று பெரிய மாடல் ஒன்று, 1938-இல் கச்சேரிகளுக்கு எடுத்துச் செல்லக்கூடிய மாடல் ஒன்று என்று தாமே அமைத்தார். 1940-இல் ஹரால்ட் கென்ட்ஸ்மர் எழுதிய கான்செர்ட்டோவை பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் வாசித்தார்.

இந்த ஆண்டுகள் எவை என்பதையும் சொல்லாமல் போகக்கூடாது. நாஜி ஆட்சிக் காலம். குரு ஹிண்டெமித்தின் இசையை அந்த ஆட்சி ஒதுக்கியது. அவர் 1938-இல் நாட்டை விட்டே போனார். சீடர் இருந்தார், அரசின் வானொலியிலும் மேடைகளிலும் வாசித்தார். கருவி பிழைத்தது என்று சந்தோஷப்படும்போதே, எந்த இடத்தில் இருந்து பிழைத்தது என்ற கேள்வியும் நிற்கத்தான் செய்கிறது. எனக்குப் பிடித்தவர் என்பதற்காக நான் அதை மறைக்கப் போவதில்லை.

போர் முடிந்தபோது பெர்லின் இடிபாடாகக் கிடந்தது. அந்த நகரத்தில் உட்கார்ந்து 1952-க்குள் சாலா தம் வாழ்க்கையின் பெரிய வேலையைச் செய்து முடித்தார். அதுதான் மிக்ஸ்டூர்-டிராட்டோனியம். இரண்டு கம்பிகள், கால் பெடல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புதிய எண்ணம்.

நாம் அறிந்த ஹார்மானிக்ஸ் ஒரு அதிர்வெண்ணை 2, 3, 4 என்று பெருக்கிக்கொண்டு மேலே போகும். சாலா தலைகீழாக யோசித்தார். ஏன் வகுக்கக்கூடாது? 1200 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டால் 600, 400, 300, 240 என்று கீழ்நோக்கி ஒரு வரிசை கிடைக்கும். டிஜிட்டல் லேபில் அதிர்வெண்ணை வகுக்கும் கவுண்டர் கட்டினோமே, அதே தத்துவம்தான். அதை அவர் வால்வுகளிலேயே சாதித்து, நான்கு வகுத்தல்களை ஒன்றாகக் கலந்து ஒலிக்கவிட்டார். அந்தக் கலவைதான் 'மிக்ஸ்டூர்'. ஒரு விரல் நகர்ந்தால் ஒரு கூட்டமே சேர்ந்து நகரும். மணியோசை, இரும்பு கிழியும் ஓசை, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத உறுமல், எல்லாம் இதில் உண்டு. இயற்கையில் எந்தப் பொருளும் இப்படி ஒலிப்பதில்லை. கேட்கும்போது வயிற்றைப் பிசைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த ஒலி சினிமாவுக்கென்றே பிறந்தது. 1958-இல் பெர்லினில் தமக்கென்று ஸ்டுடியோ அமைத்துக்கொண்டார். இசைக்குழு வேண்டாம், நடத்துனர் வேண்டாம். ஒரு ஆள், ஒரு கருவி, டேப் ரிகார்டர்கள். திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டே வாசித்து, டேப்பில் அடுக்கடுக்காகச் சேர்ப்பார். கதைப்படங்கள், தொழிற்சாலைகளைப் பற்றிய குறும்படங்கள், விளம்பரங்கள் என்று சுமார் 300 படங்களுக்கு ஒலி தந்தார். உருக்கு ஆலையைப் பற்றிய படத்துக்கு வயலின் பொருந்துமா? சாலாவின் கருவி பொருந்தியது. ஃப்ரிட்ஸ் லாங் நம் ராஜஸ்தானில் வந்து படப்பிடிப்பு நடத்திய இந்தியக் கதைப் படங்களில் இரண்டாவதான 'தி இந்தியன் டூம்ப்' (1959) படத்தின் மின்னணு ஒலிகளிலும் இவர் கை உண்டு.

1961-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ரெமி காஸ்மனும் சாலாவும் சேர்ந்து செய்த மின்னணு இசைக்கு, நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சின் ஒரு பாலே நாட்டியமே அமைத்தார். அந்தக் காஸ்மன் வழியாகத்தான் ஹிட்ச்காக்கின் படம் வந்தது. ஹிட்ச்காக் பெர்லினுக்கே நேரில் வந்தார். படத்தின் டைட்டிலில் மின்னணு ஒலியை உருவாக்கி அமைத்தவர்கள் என்று காஸ்மன், சாலா இருவர் பெயரும் இருக்கின்றன. 'சைக்கோ'வுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்தில் ஒலி ஆலோசகர் மட்டும்தான்! கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். பறவைகள் தாக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கின்றன. மெல்லிய முனகல் ஒன்று மட்டும் படர்ந்து கிடக்கிறது. பிற்காலத்தில் ஆம்பியன்ட் என்று பெயர் பெற்ற இசையின் வேலையும் இதுதான்: இசை என்று தெரியாமலே மனதை ஆட்டி வைப்பது.

அதற்குப் பிறகு காலம் மாறியது. 1964-இல் மூக் சிந்தசைசர் வந்தது. அடுத்து கீபோர்டுகள், பிறகு கம்ப்யூட்டர். சாலா எதற்கும் மாறவில்லை. சும்மா சொல்லக்கூடாது, இதில் பிடிவாதமும் உண்டு, ஆபத்தும் உண்டு. பல பத்தாண்டுகள் அந்தக் கருவியைத் தேர்ச்சியுடன் வாசிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். வால்வுகளோ சந்தையிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. அவர் போனால் கருவியும் போகும் என்ற நிலை.

இந்த ஆபத்து எனக்கு நன்றாகவே புரியும். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் பழைய கண்ட்ரோலர் ஒன்று இருந்தது. அதன் சூட்சுமம் ஒரு பெரியவருக்கு மட்டுமே தெரியும். அவர் ரிட்டயர் ஆன அடுத்த மாதமே அது நின்றது. டிராயிங் கிடையாது. போர்டைக் கழற்றி, தடம் தடமாகப் பார்த்து, சர்க்யூட்டைக் காகிதத்தில் வரைந்து முடிக்க எங்கள் நான்கு பேருக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்தப் பெரியவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அவர் வேலையில் இருந்தபோதே யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று தோன்றாமல் இல்லை.

சாலாவின் பக்கத்தில் உட்கார ஆள் வந்தார்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1980-இல் பெர்லினில் இருந்த ஜெர்மன் தபால் துறையின் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த மூன்று பேராசிரியர்கள் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி இல்லை, இசைக் கல்லூரிகூட இல்லை, நம் கல்லூரியைப் போன்ற ஒரு பொறியியல் கல்லூரி! வால்வு செய்த ஒவ்வொரு வேலையையும் செமிகண்டக்டருக்கு மாற்றி, அதே ஒலி, அதே விரல் உணர்வு வரும்வரை உழைத்தார்கள். எட்டு ஆண்டுகள் ஆயின. 1988-இல் புதிய மிக்ஸ்டூர்-டிராட்டோனியம் கைக்கு வந்தபோது சாலாவுக்கு வயது 78. அந்த வயதில் மறுபடி மேடை ஏறினார். புதிய இசைத்தட்டுகளும் வெளியிட்டார்.

கடைசியில் தம் கருவிகளையும் டேப்புகளையும் மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, 2002 பிப்ரவரி 26-ஆம் தேதி பெர்லினில் 91-வது வயதில் காலமானார். கருவி அவரோடு போகவில்லை. 1990-களில் அவரைத் தேடிச் சென்று சந்தித்த மியூனிக் கலைஞர் பீட்டர் பிக்லர் போன்றவர்கள் அதை மேடைகளுக்கு எடுத்துச் சென்றார்கள்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலை மாறுவது தப்பில்லை, நானே மூன்று இடம் மாறியவன். ஆனால் எத்தனை இடம் மாறினாலும், இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கையில் இருக்கட்டும். சந்தை கைவிட்டதாலேயே ஒரு பொருள் செத்துவிடுவதில்லை. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் போதும். அது அந்த ஆளையும் தாண்டி வாழ வேண்டுமானால், சர்க்யூட்டை வரைந்து வைக்க இன்னும் மூன்று பேர் வேண்டும். அந்த மூன்று பேரைத் தரக்கூடிய இடம் கல்லூரிதான்.

நம் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு பிராஜெக்டுகள் நம் லேப் அலமாரிகளில் தூசி படிந்து முடிகின்றன. வெளியே நம் சீனியர்கள் பலர், தங்களோடு மறையப்போகிற அறிவை வைத்துக்கொண்டு ரிட்டயர்மென்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வருடத்துக்கு ஒரு பிராஜெக்ட் போதும். முதல் பிராஜெக்டுக்கு என் சனிக்கிழமைகளைத் தர நான் தயார்.

– பழைய மாணவன், இ.சி.இ. பிரிவு, 2010 அணி